பணியில் மனநிறைவு: அந்தமான் தரும் பாடம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர் 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கப்படுகிறது. இந்நகரின் ஒரு பகுதி டாலிகஞ்ச். அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தீவு மையமும் இங்கு அமைந்துள்ளன. ஆண்டுதோறும் தீவுகளின் இளைஞர்கள் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு இத்தகைய பயிற்சி நிலையங்களிலிருந்து வெளியே வருகின்றனர். எந்த வேலை கிடைக்கும், எவ்வளவு ஊதியம் கிடைக்கும் என்பவையே அவர்கள் முதலில் கேட்கும் கேள்விகள். இவை நியாயமான கேள்விகளே. ஆயினும் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் நாள்தோறும் எட்டு மணி நேரத்தை விழுங்கப் போகும் அந்த வேலை மனத்துக்கு நிறைவு தருமா என்ற கேள்வியை அவர்களும் அரிதாகவே கேட்கின்றனர். அவ்வேலையை உருவாக்கும் நிர்வாகமும் அரிதாகவே கேட்கிறது.

இக்கேள்விக்கு விடை தேட அந்தமானைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் வேறு இல்லை எனலாம். வேலையையே தண்டனையாகவும், வேலையையே சலுகையாகவும் பயன்படுத்திய வரலாறு இத்தீவுகளுக்கு உண்டு.

செக்கும் ஏரும்

1858ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கு கைதிகள் குடியேற்றம் தொடங்கியது. காட்டை வெட்டுதல், சாலை அமைத்தல், கட்டடம் எழுப்புதல் ஆகிய அனைத்தும் கைதிகளின் உழைப்பாலேயே நடந்தன. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையையும் கைதிகளே கட்டினர். அச்சிறையில் மிகக் கடுமையான தண்டனையாகக் கருதப்பட்டது செக்கிழுத்தல். மாடு சுற்ற வேண்டிய செக்கை மனிதன் சுற்றி, ஒரு நாளைக்கு முப்பது பவுண்டு, அதாவது ஏறத்தாழ பதின்மூன்றரைக் கிலோ தேங்காய் எண்ணெய் எடுத்தாக வேண்டும். தேங்காய் மட்டையை அடித்து நாராக்குதல் மற்றொரு பணி. இதற்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. குறைந்தால் தண்டனை உண்டு.

அதே குடியேற்றத்தில் வேறொரு ஏற்பாடும் இருந்தது. குறிப்பிட்ட ஆண்டுகள் நன்னடத்தையுடன் உழைத்த கைதி 'தன்னுழைப்பாளர்' என்ற நிலைக்கு உயர்த்தப்படுவார். அவர் தீவை விட்டு வெளியேற இயலாது. அரசு உணவும் அவருக்கு இல்லை. ஆனால் நிலம் பெற்று உழலாம், மாடு வளர்க்கலாம், தச்சு வேலையோ தையலோ செய்து பிழைக்கலாம், குடும்பம் அமைத்துக்கொள்ளலாம். காட்டு நிலத்தைத் திருத்தி உழுவது செக்கிழுப்பதைவிட எளிய உழைப்பு என்று சொல்வதற்கில்லை. எனினும் கைதிகள் அந்த நிலையை எதிர்நோக்கியே ஆண்டுகளைக் கழித்தனர்.

ஆட்சியாளர் அறிந்தோ அறியாமலோ ஓர் உண்மையைக் கண்டுகொண்டிருந்தனர். அவர்கள் கைதிக்கு அளித்த கடுமையான தண்டனை வேலை; அளித்த பெரிய சலுகையும் வேலையே. உடலின் களைப்பில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிதன்று. எப்போது, எப்படி உழைப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்? உழைப்பின் பயன் யாரைச் சேருகிறது? விளைவு உழைத்தவர் கண்ணுக்குத் தெரிகிறதா? இம்மூன்று வினாக்களுக்குக் கிடைக்கும் விடையில்தான் வேறுபாடு அடங்கியிருந்தது.

குமரப்பாவின் கணிப்பு

தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, 1945ஆம் ஆண்டு சிறையிலிருந்தபடி எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூலில் வேலையின் இயல்பை ஆராய்கிறார். வழக்கமாகத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி, ஓய்வு, முன்னேற்றம், மனநிறைவு ஆகியவை உண்மையான வேலையின் கூறுகள் என்பது அவர் கருத்து. எந்த வேலையிலும் சலிப்பூட்டும் பகுதி ஒன்று இருந்தே தீரும். அதைத் தனியே பிரித்து ஒருவர் தலையிலும், இன்பமும் வளர்ச்சியும் தரும் பகுதியை மற்றொருவர் கையிலும் கொடுக்கும்போதுதான் வேலை சிதைகிறது. செக்குச் சிறை இதன் உச்சக்கட்டம். ஆனால் நாகரிகமான ஆலைகளிலும் அலுவலகங்களிலும் இப்பிரிவினை மென்மையான வடிவில் நடக்கக் காணலாம்.

ஆய்வுகள் கூறுவது

மேலைநாடுகளில் இத்துறையின் ஆய்வு 1930களிலேயே வேரூன்றியது. அமெரிக்காவில் ராபர்ட் ஹாப்பாக் என்பவர் ஒரு சிற்றூரில் வேலை செய்வோரை விசாரித்து, 1935இல் பணி மனநிறைவு பற்றிய நூலை வெளியிட்டார். 1959இல் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய துணைவர்களும், பிட்ஸ்பர்க் பகுதியைச் சேர்ந்த 203 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். வேலையில் மகிழ்ந்த நாட்களையும் மனம் கசந்த நாட்களையும் விவரிக்குமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். கசப்புக்குக் காரணமாகப் பெரும்பாலும் சொல்லப்பட்டவை நிர்வாக விதிகள், மேற்பார்வை முறை, ஊதியம், பணியிடச் சூழல் ஆகியவை. மகிழ்ச்சிக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவையோ சாதனை, பாராட்டு, வேலையின் தன்மை, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவை. முதல் வகைக் குறைகளை நீக்கினால் அதிருப்தி குறையும்; ஆனால் அதனாலேயே மனநிறைவு பிறந்துவிடாது என்பது ஹெர்ஸ்பெர்க்கின் முடிவு.

வெற்றிக்குத் தம்மையும் தோல்விக்குச் சூழலையும் காரணமாகக் கூறுவது மனித இயல்பு. எனவே இப்பாகுபாடு அவ்வளவு திட்டவட்டமானதன்று என்று பின்வந்தோர் மறுத்துள்ளனர். இம்மறுப்பில் உண்மை உண்டு. 1970களில் ஹாக்மன், ஓல்டாம் என்ற இருவர் வேலையின் அமைப்பையே நேராக ஆராய்ந்து ஐந்து கூறுகளை வகுத்தனர். பல திறன்களைப் பயன்படுத்தும் வாய்ப்பு, ஒரு பணியைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யும் முழுமை, அப்பணியால் பிறருக்கு உண்டாகும் பயன், செய்முறையைத் தானே தீர்மானிக்கும் உரிமை, விளைவை உடனுக்குடன் அறிதல் என்பவையே அவை. தன்னுழைப்பாளரின் வயலில் இவை பெரும்பாலும் இருந்தன. செக்கில் ஒன்றுகூட இல்லை.

பயிற்சிக்கூடத்தில் இதை எளிதில் காணலாம். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஃபிட்டர் தொழில் கற்கும் மாணவர் முதலில் இரும்புத் துண்டு ஒன்றை அரத்தால் ராவிச் சமப்படுத்தப் பழகுகிறார். கை வலிக்கும், வேலை சலிப்பூட்டும். ஆனால் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்தவுடன் தவறு எங்கே என்பது அவருக்கே தெரிந்துவிடுகிறது. மட்டத்துக்கும் இரும்புக்கும் இடையே ஒளி கசியாத நாளில் அவர் அடையும் மகிழ்ச்சியை வேறொருவர் சான்றிதழ் தந்து உண்டாக்க வேண்டியதில்லை. வேலையின் சலிப்பும் நிறைவும் இங்கே ஒரே கையில் இருக்கின்றன.

அகமதாபாத்தில் நடந்த மாற்றம்

ஆலைத்தொழிலில் இம்முழுமையைக் கொண்டுவர இயலுமா என்ற ஐயம் எழலாம். இதற்கு நம் நாட்டிலேயே உலகம் அறிந்த எடுத்துக்காட்டு உண்டு. அகமதாபாத் காலிகோ ஆலைகளில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்ட பின்னரும் எதிர்பார்த்த அளவுக்கு உற்பத்தி உயரவில்லை. 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் இதை ஆராய்ந்தார். ஒரு கூடத்தில் 224 தறிகள். அவற்றைக் கவனிக்கப் பன்னிரண்டு வகை வேலைகளாகப் பிரிக்கப்பட்ட தொழிலாளர்கள். இழை அறுந்தால் முடிவதற்கு ஒருவர், நூல் கதிர் மாற்ற வேறொருவர் என்று ஒவ்வொருவரும் கூடம் முழுவதும் அலைந்தனர். எந்தத் தறியும் எவருடைய தறியும் அன்று.

குறிப்பிட்ட தறிகளின் முழுப் பொறுப்பையும் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. தொழிலாளர்கள் அதை விரைவில் ஏற்று, தங்கள் குழுக்களைத் தாங்களே அமைத்துக்கொண்டனர். தொடக்க இடர்ப்பாடுகள் தீர்ந்தபின் உற்பத்தித் திறன் உயர்ந்தது. துணியில் சேதம் குறைந்தது. இயந்திரம் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை, வேலையைப் பிரித்த முறை மட்டுமே மாறியது. ஆனால் 1970களில் மீண்டும் ஆராய்ந்தபோது, ஒரு கூடத்தில் மட்டுமே குழுமுறை நிலைத்திருந்தது. பிற இடங்களில் பழைய முறை படிப்படியாகத் திரும்பியிருந்தது. நல்ல ஏற்பாடும் நிர்வாகத்தின் தொடர்ந்த பாதுகாப்பின்றி நிலைக்காது என்பது இதன் மறுபாதிப் பாடம்.

காடும் தோட்டமும்

தனிமனிதரின் வேலையைச் சூழ்ந்து நிற்கும் பொருளாதாரத்தையும் மறத்தலாகாது. அந்தமானில் 1883ஆம் ஆண்டு முதல் சாத்தம் மர அறுவை ஆலை இயங்கி வருகிறது. 1918 முதல் ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர்கள் காடுகளில் உழைத்தனர். மரத்தைக் கண்டறிதல், வெட்டுதல், வாளுக்கு முன் எப்பக்கம் திருப்பி வைத்தால் பலகை வீணாகாது என்று தீர்மானித்தல் என இவை அனைத்தும் நீண்ட பயிற்சியால் வரும் திறன்கள். 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டைக் காக்க இது இன்றியமையாத ஆணை. ஆயினும் மரத்தை நம்பிய தொழில்கள் சுருங்கின. ஒரு தலைமுறையின் கைத்திறனுக்கு மதிப்புக் குறைந்தது.

கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில குடியமர்த்தப்பட்டன. ரப்பர் மரத்தில் பால் எடுப்பது எளிய வேலையன்று. பட்டையை மெல்லிய அளவில் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் பாய்ந்தால் மரம் காயப்பட்டு விளைச்சல் குன்றும். 1977இல் தொடங்கப்பட்ட அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் இத்தகைய பணிகளை நடத்தி வந்தது. காட்டுத்தொழில் சுருங்கியபின் நட்டமுற்ற அக்கழகத்தை மூட 2017இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாளைய ஊதியம் உறுதியில்லாத இடத்தில் கைத்திறனின் மகிழ்ச்சி நெடுநாள் நிற்காது. நிறைவுக்குப் பாதுகாப்பு மட்டும் போதாது. பாதுகாப்பின்றி நிறைவும் இல்லை.

எல்லைகள்

மனநிறைவு பற்றிய பேச்சு குறைந்த ஊதியத்துக்குச் சமாதானமாக ஆகிவிடக் கூடாது. நம் அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு, வாழ்வதற்குரிய ஊதியத்தையும், கண்ணியமான வாழ்க்கைக்கும் ஓய்வு நேரத்தை முழுமையாக அனுபவிப்பதற்கும் ஏற்ற பணி நிலைமைகளையும் அரசின் குறிக்கோளாக வைக்கிறது. 1976இல் சேர்க்கப்பட்ட 43அ பிரிவு, தொழிலகங்களின் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பதை வலியுறுத்துகிறது. இவ்விரண்டையும் ஒருசேரப் படிக்க வேண்டும். முன்னது வயிற்றுக்கும் உடலுக்கும் உரியது. பின்னது அறிவுக்கும் தன்மானத்துக்கும் உரியது.

வேறோர் எல்லையும் உண்டு. எவ்வளவு திருத்தினாலும் மனிதருக்குத் தகாத வேலைகள் சில உள்ளன. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையைத் தடை செய்து 2013இல் சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய வேலையில் நிறைவு காணும்படி உபதேசிப்பது அநீதி. அதை ஒழித்து, மாற்றுத் தொழில் தருவதே நீதி.

நிர்வாகம் செய்யத்தக்கவை

தீவுகளில் அரசே மிகப் பெரிய வேலையளிப்போர். ஆகவே இவ்விஷயத்தில் அரசு அலுவலகங்களின் முன்மாதிரி முக்கியமானது. அரசுப் பணி ஊதியத்தையும் பாதுகாப்பையும் தருகிறது. ஹெர்ஸ்பெர்க்கின் மொழியில் சொன்னால், கசப்புக்கான காரணங்களுள் முதன்மையானவற்றை அது நீக்கிவிடுகிறது. ஆனால் வரும் தபாலைப் பதிவேட்டில் ஏற்றுவது மட்டுமே ஒருவருடைய ஆண்டுக்கணக்கான பணியாக இருந்தால், அம்மடலை எழுதிய விதவைக்கு ஓய்வூதியம் கிடைத்ததா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அதே ஊழியரிடம் ஒரு வட்டத்தின் ஓய்வூதிய மனுக்களைத் தொடக்கம் முதல் ஆணை வரை கவனிக்கும் பொறுப்பை அளித்தால், பணிச்சுமை கூடலாம். ஆயினும் வேலைக்குப் பொருள் பிறக்கிறது. மனுதாரருக்கும் யாரைக் கேட்பது என்ற தெளிவு உண்டாகிறது.

2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற கர்மயோகி இயக்கம், விதியை மட்டும் பின்பற்றும் பணியாளரை, தம் பங்கை உணர்ந்து செயலாற்றும் பணியாளராக மாற்ற முற்படுகிறது. பயிற்சி இதில் ஒரு பாதி; பணியின் அமைப்பைத் திருத்துவது மறுபாதி. ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தம் அலுவலகத்தில் நான்கு வினாக்களை எழுப்பலாம். இந்த ஊழியர் முழுப் பணி ஒன்றைச் செய்கிறாரா, துண்டு ஒன்றை மட்டும் செய்கிறாரா? அவரே தீர்மானிக்கக்கூடியது ஏதேனும் உண்டா? தம் பணியின் விளைவு அவரை வந்தடைகிறதா? சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு அவர் புதிதாக ஒன்றைக் கற்றாரா? இவ்வினாக்களைக் கேட்பதற்குப் புதிய பணியிடமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.

மாணவர்களும் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஊதியத்தோடு இவ்வினாக்களையும் சேர்த்துக் கேட்பது நன்று. டாலிகஞ்சில் தொழில் கற்று வெளிவரும் இளைஞர், கைதிகள் உழைத்த அதே மண்ணில் சுதந்திர நாட்டின் குடிமகனாக உழைக்கப் போகிறார். அவருக்குச் செக்கு இல்லை. ஆயினும் நோக்கமும் பொறுப்பும் விளைவும் பறிக்கப்பட்ட வேலை எங்கிருந்தாலும், அங்கே செக்கின் நிழல் விழவே செய்யும். வேலைவாய்ப்புகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது திட்டமிடுதலின் முதற்கடமை. அவ்வாறு பெருகும் ஒவ்வொரு வேலையும், செய்பவர் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளத் தக்கதாக அமைவது அதன் அடுத்த கடமையாகும்.