பகலில் தெரியும் விண்மீன்

கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரக்குப்பத்தில், அனல்மின் நிலையங்களின் புகையும் துறைமுக விளக்குகளும் இரவு வானை வெளிறச் செய்கின்றன. மங்கிய விண்மீன்கள் அங்கே புலப்படா. எனினும் நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனை அவ்வொளி மறைப்பதில்லை, அது கதிரவன்.

கதிரவப் பரப்பில் காந்தப்புலம் செறிந்த இடங்கள் சற்றே குளிர்ந்து கரும்புள்ளிகளாகத் தோன்றும். அவற்றின் அருகிலிருந்து சிலபோது மின்னேற்றத் துகள்கள் பெருந்திரளாகப் பீறிட்டெழுந்து, ஓரிரு நாள்களில் புவியை வந்தடையும். அப்போது புவியின் காந்தப்புலத்தில் எழும் கொந்தளிப்பே காந்தப்புயல். 2024 மே 10, 11 ஆகிய நாள்களில் வீசிய புயல், அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் காணாத வலிமையுடையது. லடாக்கின் ஹான்லே வானம் அவ்விரவில் செந்நிறமாக ஒளிர்ந்தது. நிலநடுக்கோட்டுக்கு அணித்தான எண்ணூரில் அக்காட்சியை எதிர்பார்க்க இயலாது. ஆயினும் புயலால் அயனிமண்டலம் கலங்கும்போது, ஆழ்கடலில் மீனவர் நம்பியிருக்கும் ஜிபிஎஸ் கருவி இடத்தைப் பிழைபடக் காட்டக்கூடும். விண்வெளி வானிலையும் கடலோடிகளுக்குரிய வானிலையே.

இதே கரையின் வடக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2இல் ஏவப்பெற்ற ஆதித்யா எல்1, 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து கதிரவனைக் கண்காணிக்கிறது. ஏவப்பெற்றபோது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி.

கரும்புள்ளிகளை நீங்களும் காணலாம். ஆசிரியர் துணையுடன், சிறு தொலைநோக்கி வழியே வரும் கதிரவனின் உருவை வெண்தாளில் விழச்செய்க. தொலைநோக்கியில் கண்வைத்துக் கதிரவனை நோக்கவே கூடாது, பார்வை பறிபோகும். புள்ளிகளை நாள்தோறும் வரைந்து வருக. நீடித்து நிற்கும் பெரிய புள்ளி, ஏறத்தாழ இரு வாரங்களில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பை அடைந்து மறையும்.