மூலம் என்று விட்டுவிடலாமா?



1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னியில் போய்க் குடியேறிய சொந்தங்கள் நம்மில் பலருக்கு உண்டு. எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் ஒருவரின் அண்ணனும் அப்படிப் போய் முள்ளியவளையில் இருக்கிறார். மலத்தோடு இரத்தம் போனதை அவர் இரண்டு வருடமாக "மூலந்தானே" என்று வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். பெரிய ஒப்பரேஷன் செய்து இப்போது தேறி வருகிறார். "கூடப் பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்" என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். தம்பி பயந்து பயந்துதான் போனார். அவர் குடலில் இரண்டு பொலிப் இருந்தன. அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அடுத்த கிழமை பெரட்டுக்கு வந்துவிட்டார்.

பொலிப் என்றால் என்ன?

நமது பெருங்குடல் ஏறக்குறைய 5 அடி நீளம். அதன் உட்சுவரில் மரு போல வளரும் சதைதான் பொலிப். சிலது காளான் போலக் காம்போடு நிற்கும். சிலது தட்டையாக ஒட்டிக் கிடக்கும். பெரும்பாலான பொலிப்புகள் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் 'அடினோமா' என்ற வகை மெல்ல மெல்லப் பெருத்து மாறக்கூடும். அதற்குப் பொதுவாகப் 10 வருடமளவு செல்லும். 1 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் ஆபத்து கூடுகிறது. அந்தப் பத்து வருடந்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

எப்படி எடுக்கிறார்கள்?

முதல் நாள் மருந்து குடித்துக் குடலைச் சுத்தமாக்க வேண்டும். பிறகு கெமரா உள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பார்ப்பார்கள். இதுதான் கொலனோஸ்கோப்பி. பொலிப் தெரிந்தால் கம்பிச் சுருக்கைப் போட்டு அறுத்தெடுப்பார்கள்; வயிற்றைக் கிழிப்பதில்லை. 1969இல் நியூயோர்க்கில் ஷின்யா, வுல்ஃப் என்ற இரு டொக்டர்கள் தொடங்கிய முறை இது. பொலிப் எடுத்த 1418 பேரை அமெரிக்காவில் கவனித்துப் பார்த்து, இந்தப் புற்றுநோய் முக்கால் பங்குக்கு மேல் குறைந்ததாக 1993இல் அறிவித்தார்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்?

சின்னப் பொலிப் வலிக்காது. ஆகவே கீழே உள்ளவற்றைப் பாருங்கள்:

1. மலத்தில் இரத்தம், அல்லது மலம் கறுப்பாகப் போதல். (இரும்புச்சத்துக் குளிசை குடித்தாலும் கறுக்கும், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.)
2. மலம் போகும் வழக்கம் சில கிழமைகளாக மாறியிருத்தல்.
3. காரணம் தெரியாமல் உடம்பு மெலிதல்.
4. இரத்தச் சோகை. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இது சகஜம் என்று நினைக்கிறோம். குளிசை குடித்தும் தீராவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும்.

தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இந்நோய் வந்திருந்தால், ஒன்றும் தெரியாவிட்டாலும் 40 வயதில் சோதிக்க வேண்டும். அவருக்கு 45 வயதில் வந்ததென்றால் நீங்கள் 35இலேயே போங்கள்.

புகையிலையும் சாராயமும் ஆபத்தைக் கூட்டும். கீரை, பருப்பு, குரக்கன் நல்லது.

ஒரு நாள் பேர் போய்விடுமே என்று யோசிக்காதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். தூரத்துச் சொந்தங்களுக்கும் இன்றே ஒரு கோல் எடுத்து, "நம்ம குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா?" என்று கேட்டு வையுங்கள்.