கறுப்புக்குள் இருக்கும் நிறங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

அடையாளத்தைப் பற்றி வரைய வேண்டும் என்றதும் கை தானாகக் குங்குமச் சிவப்புக்கும் மயில் நீலத்துக்கும் போகிறது. நிறங்களை அள்ளித் தெளித்தால் பலவகை மனிதர்கள் படத்துக்குள் வந்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் வருவது திருவிழாத் தோரணம்தான். பளிச்சென்ற நிறம் கூடாது என்று சொல்லவில்லை. அதை எதன் பக்கத்தில் வைக்கிறாய், எந்த இடத்துக்குத் தர மறுக்கிறாய் என்பதில்தான் ஒருவர் யார் என்ற பேச்சு தொடங்குகிறது.

கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலைப் பார். 1955இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்து சிகாகோவில் வரைபவர். 1980இல் அவர் வரைந்த சிறிய சுய உருவப் படத்தில் இருட்டுக்குள் கறுப்பு முகம்; தெரிவதெல்லாம் கண், பல், சட்டையின் வெள்ளை. அந்தக் கறுப்பு ஏறக்குறையத் தட்டையானது. பின்னாளில் எலும்புக்கரி, புகைக்கரி, இரும்பு ஆக்சைடு ஆகியவற்றிலிருந்து வரும் மூன்று கறுப்புகளை எடுத்து, நீலமும் பச்சையும் ஊதாவும் கலந்து, சூடான கறுப்பு, குளிர்ந்த கறுப்பு என்று பிரித்தார். கிட்டப்போய் நின்றால்தான் கன்னம் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று பிடிபடும். 1997இல் வரைந்த ‘பாஸ்ட் டைம்ஸ்’ ஓவியத்தில் இந்தக் கறுப்பில் வரைந்த மனிதர்கள் வெள்ளை உடையில் ஏரிக்கரைப் புல்வெளியில் பொழுதுபோக்குகிறார்கள். ஐரோப்பிய ஓவியம் வெள்ளையருக்கென்றே வைத்திருந்த இடம் அது. அங்கே வழக்கமாக நிழலுக்கு ஒதுக்கப்படும் நிறம், படத்திலேயே அதிகம் உழைத்து உண்டாக்கிய நிறமாக உட்கார்ந்திருக்கிறது. அடையாளம் என்று போனால் கலை சுருங்கிவிடும் என்பவர்களுக்கு இதைக் காட்டு. அடையாளக் கேள்விதான் இங்கே சாயம் கலக்கும் வேலையையே ஆழமாக்கியது.

ஏமி ஷெரால்ட் என்ற ஓவியர் எதிர்த்திசையில் போகிறார். உடைக்கும் பின்னணிக்கும் துள்ளும் நிறங்கள். மேனிக்கு மட்டும் சாம்பல். 2018இல் வாஷிங்டன் தேசிய உருவப்பட அரங்கில் அவருடைய மிஷெல் ஒபாமா படம் திறக்கப்பட்டபோது, ஆள் ஜாடையே இல்லை என்றார்கள். தோலைப் பார்த்ததுமே ஆளை முடிவுகட்டும் பழக்கத்துக்கு அந்தச் சாம்பல் தடை போடுகிறது. பார்வை கைக்கும் அமர்ந்திருக்கும் விதத்துக்கும் நகர்கிறது. ஆனாலும் அந்தக் குறையை முழுதாகத் தள்ள மாட்டேன். எல்லோருக்கும் சாம்பல் என்றால் ஆளுக்கு ஆள் மாறும் மேனி நிறம் போய்விடுகிறது. தெரிந்தே கொடுத்த விலை அது.

இவர்கள் இருவரையும் நகலெடுக்காதே. மார்ஷலின் கறுப்பு அமெரிக்க வரலாற்றுக்குச் சொன்ன பதில். மீனாட்சிக்குப் பச்சையும் கண்ணனுக்கு நீலமும் தயங்காமல் தந்த நம் ஊரில்தான் கல்யாணப் புகைப்படத்தில் பெண்ணை வெளுப்பாக்குகிறார்கள். உன் சிக்கல் ‘மாநிறம்’ என்று ஒன்றாகக் கட்டிவைத்த மூட்டைக்குள் இருக்கிறது. கடையில் விற்கும் தோல் நிறத்தைத் தொடாமல் காவியும் நீலமும் கலந்து இரண்டு மாநிறக்காரர்களைப் அருகருகே வரை. அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்று செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1839இலேயே எழுதிவிட்டார்: சிவப்புப் புடவையருகே மேனி பச்சைக்குச் சாயும், மஞ்சளருகே ஊதாவுக்கு. முகத்தைத் தொடாமல் புடவையை மட்டும் மாற்றி மாற்றி வரைந்து பார்.