மலை ட்ரையத்லானுக்குப் புறப்படுமுன்

கேள்வி: கொழும்பில் 2018இல் நடந்த அயர்ன்மேன் போட்டியைப் பார்த்ததிலிருந்து பயிற்சி செய்கிறேன். வெளிநாடு சென்று மலைப்பாதை ட்ரையத்லானில் பங்கேற்க ஆசை. எதற்கு முதலில் தயாராவது?
— வாசகர், மருதானை

பதில்: குளிருக்கு, தம்பி. 1996இல் ஹவாயின் மாவி தீவில் தொடங்கிய எக்ஸ்டெரா மலைப்பாதை ட்ரையத்லான் போட்டிகளில் பொதுவாக ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், முப்பது கிலோமீட்டர் அளவு மலைச்சைக்கிள், பத்து கிலோமீட்டர் ஓட்டம். 2022இல் உலகப் போட்டி இத்தாலியின் மோல்வேனோ ஏரிக்கு மாறியது. ஆல்ப்ஸ் மலையின் ஏரிநீர் நம் வெள்ளவத்தைக் கடல் அல்ல. இறங்கிய முதல் நிமிடத்தில் மூச்சு தானாகத் திணறும்; அப்போது வேகமாகக் கையடிக்காமல் மிதந்து, மூச்சு சீரானபின் நீந்த வேண்டும். வெட்சூட்டை இங்கேயே அணிந்து பழகுங்கள்.

வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தனை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்தியவர், 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். அந்நிய நீரை எத்தனை பெரிய வீரரும் தனியே படிக்க வேண்டும்.

சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் நம்மிடம் மலை இருக்கிறது. கொழும்புக் கோட்டையில் பதுளை ரயில் ஏறி நானுஓயாவில் இறங்குங்கள். அருகிலுள்ள நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம், மோல்வேனோவைவிட இருமடங்கு. ஏற்றத்தைவிட ஈரமண் இறக்கத்தில் பிரேக் பிடிப்பதைப் பழகுங்கள், விழுவது அங்கேதான்.

இத்தாலி செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், பிந்தாதீர்கள். போட்டிக்குச் சில நாள் முன்பே போய், அந்த ஏரியில் ஒருமுறையாவது இறங்கிப் பாருங்கள்.