குளிர்காலமும் ஹீற் பம்பும்: மூச்சுக்கும் மின்கட்டணத்துக்கும் உள்ள தொடர்பு

நியூசிலாந்தில் ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் வீடுகளில் இருமலும் சளியும் தொடங்கிவிடும். ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு, "கறண்ட் காசு கூடும், ஹீற்றரை நிப்பாட்டு பிள்ளை" என்பார். காசு மிச்சம்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும் என்கிறது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

ஓயில் ஹீற்றர், ஃபான் ஹீற்றர், சுவரில் பூட்டும் பனல் ஹீற்றர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: ஓர் அலகு மின்சாரத்துக்கு ஓர் அலகு வெப்பம். விலை கூடிய ஹீற்றர் கூடுதலான வெப்பம் தரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஹீற் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே கொண்டுவருகிறது. குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் சூட்டைப் பின்பக்கத்தால் வெளியேற்றுகிறதல்லவா, அதே வேலைதான். வெளியே 5 பாகை என்றாலும் அந்தக் காற்றில் வெப்பம் உண்டு. அதனால் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று அலகு வெப்பம் கிடைக்கிறது.

2 கிலோவாற் ஹீற்றர் ஒன்று தினமும் 5 மணித்தியாலம் முழுமையாக எரிந்தால் 10 அலகு. ஓர் அலகு 30 சதம் என்று வைத்துக்கொண்டால் 3 டொலர். 90 நாளுக்கு 270 டொலர். அதே வெப்பத்துக்கு ஹீற் பம்பில் ஏறத்தாழ 90 டொலர் போதும். உறைபனி விழும் இடங்களில் இந்த இலாபம் குறையும். இயந்திரம் அடிக்கடி தன் மேல் படியும் பனியை உருக்கவேண்டியிருப்பதே காரணம்.

இதனால் உடம்புக்கு என்ன பயன்? ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்துமா உள்ள 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் வீடுகளில் ஹீற் பம்ப் போன்ற நல்ல வெப்பமூட்டிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, நுரையீரல் அளவீடுகளில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் பள்ளிக்குப் போகாத நாட்களும் வைத்தியரிடம் ஓடுவதும் குறைந்தன.

கோடையில் இந்த மும்மடங்குக் கதை பொருந்தாது. சாதாரண ஏசியும் இதே வகை இயந்திரம்தான். மேசை விசிறிக்கு 50 வாற் அளவே போதும் என்பதால், தாங்கக்கூடிய வெயிலுக்கு அதுவே மலிவு.

ஹோலில் பூட்டிய ஹீற் பம்ப் படுக்கையறையைச் சூடாக்காது. பிள்ளை படுக்கும் சின்ன அறைக்குத் தெர்மோஸ்டாற் உள்ள பனல் ஹீற்றர் ஒன்று போதும். சோறு வடிக்கும் ஆவியையும், உள்ளே காயப்போட்ட உடுப்பின் ஈரத்தையும் ஹீற் பம்ப் சூடாக்கும்போது அகற்றாது. தினமும் 15 நிமிடம் யன்னலைத் திறவுங்கள். புகைபோக்கி இல்லாத காஸ் ஹீற்றர் ஈரத்தையும் நைதரசன் ஈரொட்சைட்டையும் வீட்டுக்குள்ளேயே விடும், ஆஸ்துமாக்காரருக்கு அது கூடவே கூடாது.

வாடகை வீடா? பிரதான இருப்பறையை 18 பாகைக்குச் சூடாக்கக்கூடிய நிலையான வெப்பமூட்டி 2025 ஜூலை 1 முதல் எல்லா வாடகை வீடுகளிலும் இருக்கவேண்டும். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ரிமோட்டில் 30 என்று அழுத்தினால் வேகமாகச் சூடாகாது. 20இல் விடுங்கள். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தூசு தட்டுங்கள்.