கரிசற்காட்டு எண்ணெய் வித்துகள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமியாகும். 1985-ஆம் ஆண்டுவரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இந்நிலப்பகுதி இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே காட்சி தரும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் மழையே உழவரின் முதல். கண்மாய் நிறைந்தால் நெல் உண்டு; நிறையாவிடின் புன்செய்ப் பயிர்களே துணை.

அத்தகைய நிலத்திலும் எள் விளைகின்றது. நிலக்கடலையும் பருத்தியும் விளைகின்றன. வயலின் ஓரத்தில் ஆமணக்கு நிற்கின்றது. விதைப்பாரும் நீர் வார்ப்பாரும் இன்றி வேம்பும் புங்கும் வளர்கின்றன. கோயிலை அடுத்த தோப்புகளில் பழைய இலுப்பை மரங்கள் சில எஞ்சியுள்ளன. இவையனைத்தும் தத்தம் வித்துகளில் எண்ணெயைச் சேமித்து வைப்பவை. வித்துக்கு எண்ணெய் எதற்கு? மண்ணில் விழுந்த வித்து முளைவிட்டு, இலை விரித்துத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும்வரை அதற்கு வேறு உணவில்லை. தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறே அவ்வெண்ணெய். ஒரு கிராம் மாப்பொருள் ஏறத்தாழ 4 கலோரி ஆற்றலைத் தரும். ஒரு கிராம் எண்ணெயோ 9 கலோரி தரும். சிறிய வித்தில் மிகுந்த ஆற்றலைச் சுருக்கி வைக்க எண்ணெயே ஏற்றது.

எள்ளின் நெய்யே எண்ணெய். எள், நெய் என்னும் இரு சொற்களும் புணர்ந்து எண்ணெய் என்றாயின. பின்னர் அப்பெயர் பிற வித்துகளின் நெய்க்கும் பொதுவாயிற்று. நிலத்தடியிலிருந்து எடுக்கும் மண்ணெண்ணெய்கூட அப்பெயரைப் பெற்றுவிட்டது. ஆயினும் மண்ணெண்ணெயின் இயைபு முற்றிலும் வேறு; வித்தெண்ணெய்க்கு அஃது உறவன்று.

வித்தெண்ணெயின் இயைபை ஐரோப்பிய இரசாயன நூலார் படிப்படியாகக் கண்டறிந்தனர். 1779-ஆம் ஆண்டில் ஷீலே என்பார் ஒலிவ எண்ணெயை ஈய ஆக்சைடுடன் காய்ச்சியபோது, இனிப்புச் சுவையுள்ள நீர்மம் ஒன்று கிடைத்தது. அதுவே கிளிசரின். பின்னர்ப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரல், சவர்க்காரத்தை ஆராய்ந்து, கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது எனக் காட்டினார். அவருடைய ஆராய்ச்சி நூல் 1823-இல் வெளிவந்தது.

கிளிசரின் மூன்று கவர்களையுடைய சிறு கொம்பு போன்றது. ஒவ்வொரு கவரிலும் ஒரு கொழுப்பு அமிலம் நீண்ட சங்கிலியாகத் தொங்குகின்றது. அச்சங்கிலி பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் அணுக்களால் ஆனது. எல்லா எண்ணெய்க்கும் கொம்பு ஒன்றே. வேற்றுமை சங்கிலிகளில்தான் உள்ளது. இரட்டைப் பிணைப்பு இல்லாத சங்கிலி நேராக இருக்கும். இரட்டைப் பிணைப்பு உள்ள சங்கிலி அவ்விடத்தில் வளைந்திருக்கும். நேரான சுள்ளிகளை நெருக்கமாகக் கட்டலாம். கோணல் சுள்ளிகளைக் கட்டினால் இடைவெளி விழும். அதுபோல, நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்கப்பெற்று எளிதில் உறைகின்றன. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்து நிற்க, அருகிலுள்ள நல்லெண்ணெய் நீர்மமாகவே இருப்பதன் காரணம் இதுவே. ஆனால் கோணல் சங்கிலிக்கு ஒரு குறையும் உண்டு. இரட்டைப் பிணைப்பை ஒட்டிய இடத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் தாக்கும். அதனால் எண்ணெய் சிக்கு நாற்றம் பெறும்.

நல்லெண்ணெயின் சிறப்பு இங்கே விளங்கும். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெயாகும். அவ்வெண்ணெயில் ஒற்றை வளைவுடைய ஒலியிக் அமிலமும், இரட்டை வளைவுடைய லினோலியிக் அமிலமும் நூற்றுக்கு நாற்பது அளவில் உள்ளன. இக்கணக்கின்படி அது விரைவில் கெடவேண்டும். ஆயினும் ஊறுகாய்ச் சாடியில் மாதக்கணக்கில் கெடாது நிற்கின்றது. எள்ளில் சிறிதளவே உள்ள செசமோலின் என்னும் பொருளிலிருந்து செசமால் தோன்றி, ஆக்சிஜனின் தாக்குதலைத் தடுக்கின்றது. வாகை மரச் செக்கில் எள்ளை இட்டு, கருப்பட்டி சேர்த்து ஆட்டிய முன்னோர் செசமாலை அறியார். அதன் பயனை நன்கு அறிந்திருந்தனர்.

பருத்தி நூலுக்காகவே பயிரிடப்படுவது. நெசவுக்குப் பேர்பெற்ற அருப்புக்கோட்டையில் இதைச் சொல்லவேண்டுவதில்லை. அதன் கொட்டையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே எண்ணெய் உண்டு. அதனோடு காசிபால் என்னும் நச்சு மஞ்சள் நிறமியும் உண்டு. காரம் சேர்த்துத் தூய்மை செய்தால் அந்நிறமி நீங்கி, எண்ணெய் உண்ணத் தக்கதாகின்றது. தென்பாண்டி மக்கள் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் இட்டுக் காய்ச்சிப் பருத்திப்பாலாகப் பருகுவது வேறொரு வழி.

இவற்றுள் இரசாயன நூலாரை மிகவும் வியக்கவைத்தது ஆமணக்கு. ஊரில் கொட்டைமுத்து என்று வழங்கும் அவ்விதையை வறுத்து, இடித்து, நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பர். விளக்கெரிக்கவும் வயிற்றைத் தூய்மை செய்யவும் வண்டி அச்சுக்கு இடவும் அது பயன்பட்டது. பிற எண்ணெய்களினும் அது மிகக் கொழகொழப்பானது. காரணம் யாது? அதன் கொழுப்பு அமிலங்களில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்குவரை ரிசினோலியிக் அமிலமே. அது 18 கார்பன் கொண்ட சங்கிலி. ஒலியிக் அமிலத்தைப் போன்றதே. ஆனால் பன்னிரண்டாம் கார்பனில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அது பக்கத்துச் சங்கிலியைப் பற்றி இழுப்பதால் எண்ணெய் தடிக்கின்றது.

அந்தச் சிறு தொகுதி ஆமணக்கை உலகச் சந்தைக்குக் கொண்டு சென்றது. விளக்கெண்ணெய் சாராயத்தில் கரையும். பெட்ரோலில் எளிதில் கரையாது. ஆதலின் 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பெட்ரோலும் மசகெண்ணெயும் கலக்க நேரும் சுழற்பொறி வானூர்திகளுக்கு அதுவே மசகாயிற்று. கந்தக அமிலத்தால் மாற்றம் பெற்ற விளக்கெண்ணெய் துருக்கிச் சிவப்பு எண்ணெய் எனப் பெயர்பெற்றுச் சாயத்தொழிலில் புகுந்தது. அது நீரோடு கலந்து நூலுக்குள் ஊறவல்லது. மதுரையில் சாயவேர் கொண்டு செஞ்சாயம் ஏற்றியோர், அதற்குமுன் நூலை எண்ணெயிலும் உவர்மண் நீரிலும் பலமுறை தோய்த்து உலர்த்தி வந்தனர். அவ்வுழைப்பைப் புதிய எண்ணெய் குறைத்தது. இன்று விளக்கெண்ணெயிலிருந்து நைலான் வகையொன்றும் செய்யப்படுகின்றது. உலகில் ஆமணக்கு விளைவிப்பதில் இந்தியாவே முதலிடம் பெற்றுள்ளது. அதிலும் பெரும்பகுதி குஜராத்தில் விளைவது. கரிசற்காட்டில் அஃது இன்னும் ஓரப்பயிராகவே நிற்கின்றது. அதன் பிண்ணாக்கில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு தங்கிவிடுவதால் மாட்டுக்கு இடலாகாது, உரமாகவே இடவேண்டும்.

எண்ணெயை எரிபொருளாக்கும் முயற்சியும் உண்டு. 1900-ஆம் ஆண்டு பாரிசு நகரக் கண்காட்சியில் டீசல் பொறி ஒன்று கடலையெண்ணெயால் இயங்கியது. எண்ணெயை மெதனாலுடன் வினைபுரியச் செய்தால், கவர்க்கொம்பாகிய கிளிசரின் பிரிந்துவிடும். சங்கிலிகள் தனித்தனியாகி, பொறிக்கு ஏற்ற மெல்லிய எரிபொருளாகும். இதைக் கருதிப் புன்செய் நிலங்களில் காட்டாமணக்குப் பயிரிடுமாறு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உழவர் ஊக்குவிக்கப்பட்டனர். 2017-க்குள் எரிபொருளில் நூற்றுக்கு 20 பங்கு தாவர எரிபொருள் கலப்பது நாட்டின் குறிக்கோள் என 2009-ஆம் ஆண்டுக் கொள்கை கூறியது. அக்குறிக்கோள் நிறைவேறவில்லை. காட்டாமணக்கு வறட்சியில் சாகாது என்பது மெய். ஆனால் சாகாதிருப்பது வேறு, நிறையக் காய்ப்பது வேறு. நீரின்றி அது போதிய விளைச்சல் தரவில்லை. எண்ணெயின் இயைபை ஆராய்ந்த அளவுக்குச் செடியின் விளைச்சலை முன்னரே ஆராய்ந்திருந்தால், பல குடும்பங்களின் நிலமும் பணமும் தப்பியிருக்கும்.

நட்டார் இன்றியே நிற்கும் வேம்பின் கதை வேறு. வேப்பெண்ணெயில் ஒலியிக் அமிலமே மிகுதி; அளவில் அது பிற எண்ணெய்களை ஒத்ததே. அதன் கசப்பும் ஆற்றலும் கொழுப்பு அல்லாத சிறு பொருள்களில் உள்ளன. 1942-இல் சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் அறிஞர் அவ்வெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லாப் பசுமையையும் தின்றுவிட்டு வேம்பை மட்டும் விட்டுச் சென்றதை ஜெர்மானிய அறிஞர் சுமுட்டரர் கண்டார். 1968-இல் இங்கிலாந்தில் அசாடிராக்டின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. பூச்சியின் உணவு விருப்பத்தையும் வளர்ச்சியையும் அது தடுக்கின்றது.

அறிவு பெருகியவுடன் உரிமைப் போட்டியும் எழுந்தது. வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறையொன்றுக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்றும் அந்நாட்டு வேளாண்மைத் துறையும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இம்முறை இந்திய உழவர் முன்பே அறிந்தது என்று வாதிடப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளப்பட்டது.

இன்று வேம்புக்குப் புதிய தேவையும் பிறந்துள்ளது. யூரியா உரத்தின்மேல் வேப்பெண்ணெய் பூசினால் அதிலுள்ள நைட்ரஜன் மெல்ல மெல்லவே பயிருக்குச் சேரும். 2015-ஆம் ஆண்டில் நாட்டில் செய்யப்படும் யூரியா முழுவதற்கும் இப்பூச்சு கட்டாயமாக்கப்பட்டது.

ஆனி, ஆடித் திங்கள்களில் வேப்பம்பழம் உதிரும். வேளாண் வேலையில்லாத அந்நாள்களில் பெண்களும் முதியோரும் விடியற்காலையில் கூடையுடன் மரத்தடிக்குச் சென்று வேப்பமுத்துப் பொறுக்குவர். ஒரு கிலோ பருப்பில் அசாடிராக்டின் சில கிராம் அளவே இருக்கும். அதுவும் கடுவெயிலில் சிதையும். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தால் வித்தே கெடும். பழத்தின் சதையை அன்றே கழுவி நீக்கி, முத்தை நிழலில் பரப்பி, காற்றோட்டமான கோணியில் கட்டினால் அதன் ஆற்றல் நிலைக்கும். இவ்வாறு செய்ய ஒரு வாரம் கூடுதலாக உழைக்கவேண்டும்; உலர்ந்த முத்தின் எடையும் குறையும். எடையை மட்டும் பார்த்து விலை தரும் வணிகரிடம் அவ்வுழைப்புக்குக் கூலி இல்லை. அசாடிராக்டின் அளவை ஆய்ந்து விலை வகுக்கும் கொள்முதல் நிலையம் அமையுமாயின், நிழலில் உலர்த்திய முத்துக்கும் தெருவில் காய்ந்த முத்துக்கும் உள்ள வேறுபாடு பொறுக்கிய பெண்ணின் கையில் காசாக வந்து சேரும்.