ஒரே தாளம், வெவ்வேறு கால்கள்

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வடமோடிக் கூத்துப் பழக்கப் பொறுப்பேற்றிருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். மத்தளமும் ஆட்டமும் உனக்குக் கைவந்தவை. பிள்ளைகளைப் பற்றி மட்டும் சில சொல்கிறேன்.

நம் அண்ணாவிமார் ஆளைப் பார்த்துத்தான் சட்டம், அதாவது வேடத்துக்குரிய பாட்டுக் கொப்பி, கொடுப்பார்கள். குரல், உடல்வாகு, சுபாவம் எல்லாம் கவனித்தே யார் வீமன், யார் தருமன் என்று தீர்மானிப்பார்கள். அந்தப் பார்வை சட்டம் கொடுத்த நாளோடு முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பழக்கத்திலும் பிள்ளையைப் புதிதாகப் பார்.

ஒருவனுக்குப் பாட்டு வரும், கால் பிந்தும். அவனை இருத்தி, தொடையில் தாளம் தட்டியபடி பாடவை. கை பிடித்ததைக் கால் பிறகு பிடிக்கும். இன்னொருத்திக்குத் தாளக்கட்டை ஒருதரம் சொன்னால் போதும். கொப்பியைப் பார்த்து வாசிக்கத்தான் திணறுவாள். கொப்பியை மூடிவை. நீ ஒரு வரி பாடு, அவள் திருப்பிப் பாடட்டும். நம் படுவான்கரைக் கிராமங்களில் எழுத்தறியாமல் வேளாண்மை செய்தவர்களும் காதால் கேட்டுப் பாடமாக்கித்தானே விடிய விடிய ஆடினார்கள்! கூச்சப்படும் பிள்ளையை வட்டக்களரி நடுவே தள்ளாதே. சில நாள் பிற்பாட்டுக்காரரோடு நிற்கட்டும். குரல் திறந்தபின் அழை.

ஆளுக்கேற்ப வழியை மாற்றுவது நம் கூத்துக்குப் புதிதல்ல. 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ மேடையேற்றியபோது, ஆட்டம் பழக்கியவர் நமது வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். இரவு முழுக்க ஆடும் கூத்து அங்கே புதிய மேடைக்கும் மாணவருக்கும் ஏற்பச் சுருங்கியது. ஆட்டமும் பாட்டும் கூத்தாகவே நின்றன. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

நீயும் தாளத்தில் தளர்வு கொடாதே. எல்லாருக்கும் தாளம் ஒன்றே. அதை வந்தடையும் வழிதான் ஆளுக்காள் வேறு. மெல்லப் பிடிக்கும் பிள்ளைக்கு இலேசான ஆட்டம் போதும் என்று விட்டுவிட்டால், அவனை அங்கேயே கைவிட்டதாகிவிடும். சின்ன உடம்பென்று ஒருவனை என்றைக்கும் கட்டியகாரனாகவே வைத்திராதே. எல்லா வேடத்தையும் எல்லாரும் ஒருமுறையாவது ஆடிப் பார்க்கட்டும்.

தமிழ்த்தினப் போட்டி நெருங்கும்போது, எல்லாரையும் ஒரே வேகத்தில் இழுக்க மனம் சொல்லும். இடங்கொடாதே. அடுத்த பழக்கத்தில் மத்தளத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு தருப் பாட்டு முடியும்வரை பிள்ளைகளின் கால்களை மட்டும் பார். யாருக்கு எதை, எப்படிச் சொல்ல வேண்டும் என்பது அங்கேயே விளங்கும்.

அன்புடன்,
அண்ணன்